22 வருடம் கையேடு எழுதிவிட்டுக் கதைக்கு வந்திருக்கிறேன், "புரிகிறது, ஆனால் ஆளே இல்லை" என்கிறார்கள்

கையேட்டுக்காரன்

22 வருடம் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தேன். முதலில் மருத்துவக் கருவிகளுக்கு யூசர் மேனுவல், அப்புறம் மென்பொருளுக்கு இன்ஸ்டலேஷன் கைடு, ரிலீஸ் நோட்ஸ், ஹெல்ப் பக்கங்கள். போன வருடம் வேலையை விட்டேன். கதை எழுதும் ஆசை நேற்று வந்தது இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ளே கிடந்தது, ரிலீஸுக்கு மேல் ரிலீஸ் வந்துகொண்டே இருந்ததில் தள்ளிப்போய்விட்டது.

இதுவரை 4 கதைகள் எழுதியிருக்கிறேன். நான் மதிக்கிற 3 பேரிடம் காட்டினேன். மூவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: எல்லாம் தெளிவாக இருக்கிறது, எங்கேயும் குழப்பம் இல்லை, ஆனால் படித்து முடித்ததும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக, "பத்தியில் ஆளே இல்லையே" என்றார். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பாத்திரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவள் ஏதோ செய்துகொண்டும் இருக்கிறாள். அப்புறம் ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

ஒரு பத்தியை இங்கே வைக்கிறேன். தயவுசெய்து தயங்காமல் சொல்லுங்கள்.

"இரவு 10.30 மணிக்குச் சாரதா முன்கதவை மூடினாள். பூட்டில் சாவியைத் திருப்பினாள். மேல் தாழ்ப்பாளைப் போடவில்லை. மகன் இரவுப் பணி முடிந்து தாமதமாக வருவது வழக்கம் என்பதால், அவன் வெளியிலிருந்து சாவியால் திறக்க ஏதுவாக, மேல் தாழ்ப்பாளைப் போடாமல் விடுவது அவளுடைய பழக்கமாகியிருந்தது. மகன் வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்று 4 மாதங்கள் ஆகியிருந்தன. பின்பு அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கை அறைக்குச் சென்றாள்."

நடுநிசி வாசகி

சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்ப்பாள் அருமையான விஷயம். மகன் போய் 4 மாதம் ஆகியும் அவள் அதைப் போடுவதில்லை என்பதில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. அது உங்களுக்குத் தானாகக் கிடைத்திருக்கிறது. அதனால் "எனக்கு வராது" என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது பத்தியைப் பாருங்கள். எனக்குக் கண்ணில் குத்துவது ஒரே ஒரு சொல்: "என்பதால்". அதற்கப்புறம் "ஏதுவாக". மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தால் வெளியிலிருந்து சாவி வைத்துத் திறக்க முடியாது என்பது கதவு வைத்த வீட்டில் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். அதை எனக்கு விளக்கிய அந்த நிமிடம் நான் சாரதாவின் பக்கத்திலிருந்து விலகி, உங்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறேன். அவளை மறந்துவிட்டேன்.

அந்த நீண்ட வாக்கியத்தை அப்படியே எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தாழ்ப்பாள் போடவில்லை, மகன் போய் 4 மாதம், விளக்கை அணைத்தாள். போதும்.

மூன்றாம் வரைவு

நானும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்தான், விமானப் பராமரிப்புக் கையேடுகள். வெளியே வந்து 6 வருடம் ஆகிறது, இப்போதும் கை அதே தடத்தில்தான் ஓடும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் துறையில் ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு விதித் தொகுப்பு உண்டு, எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம். 1980களில் ஐரோப்பிய விமானத் துறையில் தொடங்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக உருவானது. செயல்முறை வாக்கியம் என்றால் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விவரிப்பு வாக்கியம் என்றால் 25. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்ற சொல்லை "பின்னால் வருவது" என்ற பொருளில் மட்டும்தான் எழுதலாம், விதியைப் பின்பற்றச் சொல்ல வேண்டுமானால் 'ஒபே' என்று போட வேண்டும். இதை ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காகச் செய்தால் என்ன ஆகும்? இரண்டு பொருள் தருகிற சொல்லைக் கண்டாலே கை தானாக அழிக்கும். கதையில் பாதி உயிர் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

உங்கள் பத்தியில் மூடினாள், திருப்பினாள், போடவில்லை, அணைத்தாள், சென்றாள் என்று வரிசையாக வருகிறது. அது டாஸ்க் டாபிக், கையேட்டில் ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்கிற பக்கம். எண் மட்டும்தான் போடவில்லை. ஒரு ஸ்டெப் விட்டுப்போனால் படிப்பவர் மாட்டிக்கொள்வார் என்ற பயம் அது. எனக்கும் இருந்தது. என் பாத்திரம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டுமானால் நாற்காலியிலிருந்து எழுப்பி, நடக்கவைத்து, கதவைத் திறக்கவைத்து, அப்புறம்தான் பேசவிடுவேன். அதை வெட்ட எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஆனால் பழைய வேலையில் கற்றதை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படிப்பவருக்கு இந்த வரியில் எது தெரியும், எது தெரியாது என்று கணக்கு வைக்கிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. பல எழுத்தாளர்கள் அதற்காகத்தான் திண்டாடுகிறார்கள். கையேட்டில் தெரியாததை உடனே அடைத்தோம். இங்கே எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்று பார்க்கிறோம். கணக்கு அதே கணக்குதான்.

புதுப்பயணி

எல்லோரும் "வெட்டு வெட்டு" என்றே சொல்கிறீர்கள், வெறும் வாசகனாக எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. எதையும் சொல்லாமல் மறைத்துவைத்துவிட்டு, புரியவில்லை என்றால் உன் குறை என்கிற கதைகளைப் படித்துக் களைத்துப்போயிருக்கிறேன். அண்ணா எழுதிய பத்தி எனக்குப் புரிந்தது. தெளிவு என்ன பாவமா? கடைசியில் அவரும் மங்கலாக எழுதப் பழகிவிட்டால் யாருக்கு லாபம்?

நடுநிசி வாசகி

@புதுப்பயணி, நீங்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன் தம்பி. எனக்கும் மறைத்து எழுதுகிற கதைகள் ஆகாது. ஆனால் நான் எடுக்கச் சொன்னது தகவலை இல்லை. மகன் போய்விட்டான், 4 மாதம் ஆகிறது, அது அப்படியே இருக்கட்டும், கட்டாயம் இருக்க வேண்டும். அதை ஒளித்தால் நீங்கள் சொல்கிற ஏமாற்று வேலை ஆகிவிடும். இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் இருக்கிற "என்பதால்" ஒன்றை மட்டும் எடுங்கள் என்கிறேன். அந்த இணைப்பை நான் போட்டுக்கொள்கிறேன். நானே போட்டதால்தான் அது என் நெஞ்சில் விழுகிறது.

கையேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டாஸ்க் டாபிக் என்ற ஒற்றைச் சொல்லில் மூன்றாம் வரைவு என்னைப் பிடித்துவிட்டார், அது முழு உண்மை.

எழுதி எழுதிப் பார்த்ததில் எனக்கே ஒன்று புலப்பட்டது. நான் இன்ஃபியூஷன் பம்புக்கு, அதாவது நோயாளியின் உடலுக்குள் மருந்தைக் குழாய் வழியே அளவாகச் செலுத்துகிற கருவிக்கு, கையேடு எழுதியவன். அதில் குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றாமல் நோயாளிக்கு இணைக்கக் கூடாது. அந்த எச்சரிக்கை இணைக்கும் ஸ்டெப்புக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் போட்டால் படிப்பவர் கை அதற்குள் வேலையை முடித்திருக்கும். எச்சரிக்கைக்கு அளவும் உண்டு. அமெரிக்கத் தரவிதி ஏஎன்எஸ்ஐ இசட்535இல் 'டேஞ்சர்' என்றால் தவிர்க்காவிட்டால் சாவோ பலத்த காயமோ நிச்சயம், 'வார்னிங்' என்றால் அப்படி ஆகலாம், 'காஷன்' என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம், 'நோட்டீஸ்' என்றால் பொருள் சேதம் மாதிரி, ஆளுக்குக் காயம் இல்லாதது. 22 வருடம் யாருக்கும் அடிபடக் கூடாது என்பதுதான் என் வேலை, அதை நான் மனமார நம்பித்தான் செய்தேன்.

இப்போது என் 4 கதைகளையும் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் கெட்டது எதுவும் நடப்பதற்கு ஒரு பத்தி முன்னாலேயே நான் வாசகரை எச்சரித்திருக்கிறேன். "அன்று காலையிலிருந்தே அவனுக்கு மனம் சரியில்லை." "அந்தக் கடிதம் எல்லாவற்றையும் மாற்றப்போகிறது என்று அவள் அறியவில்லை." வாசகருக்கு அடிபடக் கூடாது என்று முன்னால் போய்க் கையை விரித்து நின்றிருக்கிறேன். இதை எப்படி விடுவது என்றுதான் தெரியவில்லை. எடுத்துவிட்டால் அவர்களைக் கைவிட்ட மாதிரி இருக்கிறது, உண்மையாகவே.

மூன்றாம் வரைவு

நீங்கள் எழுதிய இந்தப் பதிவில் ஆள் இருக்கிறார், கவனித்தீர்களா? "கையை விரித்து நின்றிருக்கிறேன்" என்ற வரியை உங்கள் வேலையிடத்து ஸ்டைல் கைடு, அந்த எழுத்துநடை விதிப் புத்தகம், விட்டிருக்காது.

எச்சரிக்கைக்கு நான் செய்தது இது: முதல் வரைவில் எழுதிவிடுவேன், அடக்க மாட்டேன். முடித்தபிறகு அந்த வரிகளை மட்டும் சிவப்பில் குறித்து ஒரே மூச்சில் எடுப்பேன். பத்தில் ஒன்று தேவைப்படும், அது திரும்ப உள்ளே வரும்.

வேர்ச்சொல்

தாமதமாக வருகிறேன். மொழி கற்பித்தவன், அந்தக் கோணத்திலிருந்து பேசுகிறேன். எல்லோரும் என்ன எடுப்பது என்று பேசிவிட்டீர்கள், நான் "ஆளே இல்லை" என்ற அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போகிறேன்.

கையேட்டில் என்ன வினை வரும்? "பொத்தானை அழுத்தவும்." "மூடியைத் திறக்கவும்." இந்த "-வும்" இருக்கிறதே, அதில் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதற்கு எந்தத் தடயமும் கிடையாது. மூத்தவரா இளையவரா, ஆணா பெண்ணா, மரியாதையா உரிமையா, ஒன்றும் இல்லை. கையேட்டுக்கு அது வசதி. இல்லையென்றால் "அழுத்தப்படும்", "சேமிக்கப்படும்". அங்கே செய்பவரும் மறைந்துவிடுவார்.

கதைக்கு வந்தால் தமிழ் உங்களை விடாது. மூடினாள் என்பதா, மூடினார் என்பதா? வேலைக்குப் போகிற மகன் இருக்கிற பெண். அவளை "மூடினாள்" என்று சொல்கிற உரிமை யாருக்கு உண்டு? கதை எழுதுபவர்கள் எல்லோரும் "-ஆள்" போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட்டிருக்கிறீர்கள், தப்பு இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கவில்லை. "மூடினார்" என்று மாற்றினால் கதை சொல்பவர் நான்கு அடி தள்ளி நிற்கிறார், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இப்போது "சாரதா" என்பதை எடுத்துவிட்டு "அம்மா மூடினாள்" என்று வைத்துப் பாருங்கள். சொல்பவன் மகன் ஆகிவிட்டான். அந்த மகன் வேறு ஊரில் இருக்கிறான். அவன் இதைப் பார்க்கவே முடியாது! அப்படியானால் இது அவன் நினைத்துப் பார்ப்பது. அல்லது யாரோ சொல்லிக் கேட்டது. தமிழில் அதற்கு இரண்டெழுத்து போதும்: "-ஆம்". "போடுவதில்லை" என்பது தகவல். "போடுவதில்லையாம்" என்றால் யாரோ சொன்னார்கள், யாரோ கேட்டுக்கொண்டார்கள், கேட்டவர் தன் கண்ணால் பார்க்கவில்லை. அவளோடு சேர்த்து மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

உங்கள் பத்தியில் வேலை நடக்கிறது, பார்க்கிறவர் யாரும் இல்லை. நண்பர் சொன்னதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான். விளக்கம் கூடிப்போனது அதன் விளைவு என்று நினைக்கிறேன், பார்ப்பவர் இல்லாத இடத்தில் யாராவது விளக்கத்தான் வேண்டியிருக்கும்.

புதுப்பயணி

வேர்ச்சொல் ஐயா, இதைப் படித்துவிட்டு நான் விரும்பிப் படித்த கதைகளை எடுத்து யார் யாரை "-ஆன்" என்கிறார்கள், யாரை "-ஆர்" என்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நாள் கண்ணில் படவே இல்லை.

ஒரு சின்னக் கேள்வி. டெக்னிக்கல் ரைட்டிங்கிலிருந்து வந்து கதையில் நின்றவர்கள் உண்டா?

மூன்றாம் வரைவு

உண்டு. தாமஸ் பிஞ்சன் 1960 முதல் 1962 வரை போயிங்கில் டெக்னிக்கல் ரைட்டர், ஏவுகணை சம்பந்தமான கட்டுரைகள் எழுதியவர். ஜார்ஜ் சாண்டர்ஸ் 1990களில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் அறிக்கைகள் எழுதிக்கொண்டே சிறுகதைகள் எழுதினார், 2017இல் மேன் புக்கர் பரிசு வாங்கினார். டெட் சியாங் பல வருடம் மென்பொருள் துறையில் டெக்னிக்கல் ரைட்டர், அவர் கதைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மூவரின் எழுத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. அதனால் இந்தத் தொழில் ஒரே மாதிரி எழுத்தாளரைத்தான் உருவாக்கும் என்ற பயம் வேண்டாம்.

இரண்டாம் ஷிஃப்ட்

உள்ளே வரலாமா? நான் இன்னும் வேலையில் இருக்கிறேன், இரவில் கதை எழுதுகிறேன். என் கஷ்டம் உரையாடல். என் பாத்திரங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார்கள். அதுதான் குறை என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கேள்வி-பதில் பக்கம் எழுதி எழுதி வந்த பழக்கம்.

"எப்போது வருகிறாய்?"
"வெள்ளிக்கிழமை இரவு."

இப்படித்தான் எழுதுவேன். வீட்டில் போனில் பேசுவதை ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டேன். யாரும் அப்படிப் பேசவில்லை.

"எப்போது வருகிறாய்?"
"அங்கே மழையா?"

வர முடியாதவர்கள் மழையைக் கேட்கிறார்கள். இதைப் பிடித்தபிறகு என் உரையாடல் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்தது.

இன்னொன்று, கமென்ட் விஷயம். வேலையில் ரிவ்யூ என்றால் பொறியாளர் தப்பைச் சொல்வார், நாம் திருத்துவோம், கமென்டை மூடுவோம், எல்லாம் மூடினால் ரிலீஸ். என் முதல் கதைக்கு நண்பர்கள் 31 கமென்ட் கொடுத்தார்கள். 31ஐயும் தீர்த்தேன், ஒன்று விடாமல். கதையில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் போய்விட்டது, யாருக்கும் பிடிக்காமலும் போய்விட்டது. அந்தப் பழைய வரைவை நான் சேமித்து வைக்கவில்லை என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. தயவுசெய்து எல்லா வரைவையும் வைத்திருங்கள்.

நடுநிசி வாசகி

அந்த 31 கமென்டில் குறைந்தது பத்து கமென்டாவது "எனக்குப் புரியவில்லை" என்பதாக இருந்திருக்காது, "நானாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்" என்பதாக இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள் அப்பா. முதல் வகை வந்தால் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாவது வகைக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மழை வரி ரொம்பப் பிடித்தது.

கையேட்டுக்காரன்

5 நாள் இந்தப் பக்கம் வரவில்லை. வேர்ச்சொல் ஐயா சொன்னதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா" என்று எழுதியதும் எனக்குள் ஏதோ பதறியது, அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. 22 வருடத்தில் நான் எழுதிய எந்த வாக்கியத்திலும் "நான்" வந்தது கிடையாது, "எங்கள் நிறுவனம்" என்றுகூட வராது. "நான்" என்று அடித்துவிட்டு அடுத்த வார்த்தை போட அரைமணி நேரம் ஆனது. 11 வரைவுகள் ஆயின, எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். மழையை இரண்டாம் ஷிஃப்டிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அனுமதி தருவீர்கள் என்ற நம்பிக்கையில்.

"அம்மா இன்னும் மேல் தாழ்ப்பாளைப் போடுவதில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். தனியாக இருக்கிற பொம்பளை, நீயாவது சொல்லப்பா என்றார். சொல்கிறேன் அக்கா என்றேன். என் சாவிக்கொத்தில் அந்த வீட்டுச் சாவி இப்போதும் கிடக்கிறது. இந்த அறையின் கதவுக்கு மேலே தாழ்ப்பாளே கிடையாது. அன்றைக்கு அம்மாவிடம் 20 நிமிடம் பேசினேன். அங்கே மழையா என்றாள். மழைதான் என்றேன். மாற்றலாகி வந்து 4 மாதம் ஆகிறது."

இரண்டாம் ஷிஃப்ட்

மழை உங்களுடையதுதான் அண்ணா. இரண்டு தடவை படித்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

புதுப்பயணி

எல்லாம் புரிந்தது. எதுவும் மறைக்கவில்லை. அம்மாவிடம் அவன் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். முன்னால் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் நடுநிசி அக்கா சொன்னது இப்போதுதான் விளங்குகிறது.

மூன்றாம் வரைவு

கடைசி வரியை மட்டும் யோசியுங்கள். "4 மாதம்" என்பது முன்னாலேயே வந்துவிட்டால் என்ன? கடைசியில் நின்றால் தட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. சாவிக்கொத்து வரிக்குப் பக்கத்தில் போனால் தகவலாக அடங்கிவிடும், மழை கடைசியில் நிற்கும்.

வேர்ச்சொல்

மூன்றாம் வரைவு சொன்னதை வழிமொழிகிறேன். அது தவிர இரண்டு சின்ன இடம். "இன்னும்" முதல் வரியில் வந்துவிட்டது, சாவிக்கு "இப்போதும்" வேண்டுமா? அப்புறம் "தாழ்ப்பாளே கிடையாது" என்பதில் உள்ள ஏகாரம். கொஞ்சம் அழுத்துகிறதோ என்று தோன்றுகிறது. "தாழ்ப்பாள் கிடையாது" என்று வைத்துப் பாருங்கள்.

கையேட்டுக்காரன்

4 மாதத்தைச் சாவிக்கு முன்னால் கொண்டுபோய்விட்டேன். "இப்போதும்" எடுத்தாகிவிட்டது.

ஏகாரம் இருக்கட்டும் ஐயா. எடுத்து எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் அறையைப் பற்றிய விவரமாகிவிடுகிறது. போனை வைத்தபிறகு அவன் படுத்துக்கொண்டு அந்தக் கதவையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.